முதலில் யாரை வாழ்த்துவது?

யோகா வகுப்பின் கடைசிப் பத்து நிமிடம் நம்மில் பலருக்குப் பழக்கமானதுதான். கண்ணை மூடச் சொல்வார்கள். நான் நலமாக இருக்க வேண்டும் என்று மனத்துக்குள் சொல்லச் சொல்வார்கள். அடுத்து அம்மா, நெருங்கிய நண்பர், தினமும் பேருந்தில் பார்த்தும் பெயர் தெரியாத ஒருவர், கடைசியாகப் பேச்சுவார்த்தை நின்றுபோன பங்காளி. ஒவ்வொருவராக வாழ்த்திவிட்டுக் கண்ணைத் திறந்தால் மனசு கொஞ்சம் லேசாக இருக்கும். விபாசனா முகாமுக்குப் போய்வந்தவர்கள் இதை மெத்தா என்பார்கள். சமஸ்கிருதத்தில் மைத்ரி. இன்று கைபேசிச் செயலியிலும் கிடைக்கிறது, பெருநிறுவனங்களின் பயிற்சி வகுப்பிலும் கிடைக்கிறது. இத்தனை சாதுவான ஒரு பயிற்சியின் பூர்வீகத்தை விசாரித்தால், விவகாரம் ஒரு பாம்புக்கடியில் போய் நிற்கிறது.

பாளி பௌத்த நூலான அங்குத்தர நிகாயத்தில் வரும் கதை அது. சாவத்தியில் ஒரு பிக்கு பாம்பு கடித்து இறந்துபோகிறார். செய்தி புத்தரிடம் வருகிறது. நான்கு பாம்பரசக் குலங்களையும் அன்பு நிறைந்த மனத்தால் தழுவியிருந்தால் அவர் இறந்திருக்கமாட்டார் என்கிறார் புத்தர். விரூபாக்கம், ஏராபதம், சப்யாபுத்தம், கண்ஹகோதமகம் என்று குலங்களின் பெயர்கூடச் சொல்லப்படுகிறது. பிறகு ஒரு பாட்டைக் கற்றுத்தருகிறார். காலில்லாதவை, இரண்டு காலுள்ளவை, நான்கு காலுள்ளவை, பல காலுள்ளவை என எல்லா உயிர்களுக்கும் நட்புச் சொல்லிவிட்டு, நீங்களும் என்னை ஒன்றும் செய்யாதீர்கள் என்று கேட்டுக்கொள்ளும் பாட்டு. கொஞ்சம் பேரம் கலந்த அன்பு என்றுதான் எனக்குப் படுகிறது. வெறுங்காலோடு காட்டில் இரவைக் கழிப்பவர்கள் வேறு எப்படி வேண்டுவார்கள்?

மெத்தாவின் மூலப் பாடமாக இன்று எல்லோரும் சொல்லும் கரணீய மெத்த சுத்தம் என்ற சூத்திரத்துக்கும் இப்படி ஒரு காட்டுக் கதை உண்டு. மழைக்காலத்தைக் கழிக்கப் பிக்குகள் சிலர் இமயமலை அடிவாரக் காட்டுக்குப் போகிறார்கள் என்று உரை சொல்கிறது. அங்கே மரங்களில் தேவதைகள் குடியிருக்கின்றன. ஒழுக்கமுள்ள துறவிகள் கீழே உட்கார்ந்திருக்கும்போது தாங்கள் மேலே இருப்பது மரியாதையில்லை என்று அவை பிள்ளைகுட்டிகளோடு இறங்கித் தரையில் நிற்கின்றன. ஓரிரு நாளில் போய்விடுவார்கள் என்பது அவற்றின் கணக்கு. துறவிகளோ மூன்று மாதம் தங்கும் ஏற்பாட்டில் இருக்கிறார்கள். விருந்தாளி மூட்டையைப் பிரித்துக் கொடியில் துணி காயப்போடத் தொடங்கியதும் வீட்டுக்காரருக்கு வருமே ஒரு கலக்கம், அது தேவதைகளுக்கு வந்தது. தலையில்லா உருவம், பயங்கரக் குரல், தாங்க முடியாத நாற்றம் என்று ஒவ்வொன்றாக ஏவிவிட்டன. பிக்குகள் வெளிறிப்போய்ப் புத்தரிடம் ஓடினார்கள். வேறு இடம் கேட்டவர்களுக்கு அவர் வேறு இடம் தரவில்லை. இந்தச் சுத்தத்தை ஆயுதமாகக் கொடுத்து அதே காட்டுக்குத் திருப்பி அனுப்பினார். அதைக் கேட்டு மனம் இளகிய தேவதைகள் அவர்களுக்குக் காவலாக மாறின. ராஜகிருகத்துத் தெருவில் புத்தரின் பகைவனான தேவதத்தன் ஏவிவிட்ட நாளாகிரி என்ற மதயானையைப் புத்தர் அடக்கியதும் இதே முறையில்தான் என்று வினய நூல் சொல்லும்.

பாம்பு, பேய், யானை. இந்த மூன்று கதையிலும் வாழ்த்து வெளியே இருக்கும் ஆபத்தை நோக்கிப் போகிறது. வாழ்த்துகிறவர் தன்னைத் தானே வாழ்த்திக்கொள்வதாக எங்கும் இல்லை. பழைய சுத்தங்கள் சொல்லும் முறையும் அப்படித்தான்: நான்கு திசை, மேல், கீழ் என்று எல்லைபோடாமல் மனத்தை விரிப்பது. இன்றைய வகுப்புகளில் வரிசையின் தலையில் நிற்கும் அந்த ‘நான்’ பிற்பாடு வந்து சேர்ந்த ஆள். அவர் எப்படி வந்தார், எப்படி முதலிடத்துக்கு நகர்ந்தார் என்பதுதான் இந்தப் பயணத்தில் என்னை இழுத்த விஷயம்.

அதற்குள் நகல் பிரச்சினை ஒன்று தலைதூக்கியது. மெத்தா, கருணை, பிறர் மகிழ்ச்சியில் மகிழும் முதிதை, சமநிலையான உபேட்சை என்ற நான்கையும் பௌத்தம் ஒன்றாகவே கட்டி வைத்திருந்தது. இதைத்தான் நாங்களும் சொல்லிக்கொடுக்கிறோம், உங்களுக்கும் எங்களுக்கும் என்ன வித்தியாசம் என்று வேற்றுமதத் துறவிகள் பிக்குகளிடம் கேட்டதாகச் சம்யுத்த நிகாயமே பதிவு செய்திருக்கிறது. யாரைப் பார்த்து யார் எழுதினார்கள் என்று இன்று தீர்ப்புச் சொல்வது கடினம். பதஞ்சலியின் யோக சூத்திரத்தில் இதே நான்கும் வருகின்றன. சமணர்களின் தத்துவார்த்த சூத்திரத்திலும் சிறு மாற்றத்தோடு வருகின்றன. பதஞ்சலி ஒரு நுட்பமான காரியம் செய்தார். துன்பப்படுகிறவர்களுக்குக் கருணையை ஒதுக்கிவிட்டு, மைத்ரியைச் சுகமாக வாழ்கிறவர்களுக்கு ஒதுக்கினார். பக்கத்து வீட்டில் புதுக் கார் வந்து நிற்கும்போது மனத்தில் எழுவதைக் கவனித்தவர்களுக்கு இது எவ்வளவு கடினமான வீட்டுப்பாடம் என்று தெரியும்.

இதெல்லாம் வாய்மொழியாகவே இருந்த காலம். ஓலைக்கு வந்ததற்கு ஒரு விபத்து காரணம், அதில் தமிழர்களுக்கும் பங்குண்டு. கி.மு. முதல் நூற்றாண்டில் தென்னிந்தியாவிலிருந்து படையோடு போன ஐந்து தமிழ்த் தலைவர்கள் அனுராதபுரத்தில் வட்டகாமணி மன்னனின் அரியணையைப் பிடித்தார்கள். கூடவே கடும் பஞ்சம். சுத்தங்களை நெஞ்சில் சுமந்த பிக்குகள் பசியில் இறந்தார்கள், காட்டுக்குள் சிதறினார்கள். இன்னொரு பஞ்சம் வந்தால் எல்லாம் போய்விடும் என்ற பயம் பிடித்துக்கொண்டது. வட்டகாமணி மீண்டும் அரியணைக்கு வந்தபின், மாத்தளைக்கு அருகே அலுவிகாரைக் குகைகளில் உட்கார்ந்து பாளி நூல்களை ஓலையில் எழுதினார்கள். பாம்புக்குச் சொன்ன வாழ்த்தும் மரத் தேவதைகளுக்குச் சொன்ன வாழ்த்தும் அப்படித்தான் பிழைத்தன.

அடுத்த திருப்பம் 5-ஆம் நூற்றாண்டில். புத்தகோசர் என்ற பிக்கு இந்தியாவிலிருந்து அனுராதபுரத்து மகாவிகாரைக்கு வந்து, சிங்களத்தில் இருந்த பழைய உரைகளைப் பாளியில் எழுத அனுமதி கேட்டார். அவர் புத்தகயைப் பக்கத்து அந்தணர் என்கிறது இலங்கை மரபு. அவருடைய நூல்களின் இறுதிக் குறிப்பு ஒன்றில் காஞ்சிபுரத்தில் ஜோதிபாலர் என்ற பிக்குவோடு தங்கியிருந்த செய்தி இருக்கிறது. ஆக, மெத்தாவுக்கு இலக்கணம் எழுதியவர் நம் காஞ்சித் தெருக்களில் நடந்திருக்கிறார். மகாவிகாரைப் பெரியவர்கள் உடனே ஓலைச்சுவடிகளைத் தூக்கிக் கொடுத்துவிடவில்லை. இரண்டு பாட்டைக் கொடுத்து, விளக்கு பார்க்கலாம் என்றார்கள். அவர் எழுதிய விடைதான் விசுத்திமக்கம் என்ற பெருநூல். எழுதி முடித்ததும் தேவர்கள் அதை ஒளித்துவைத்தார்களாம். மறுபடி எழுதினார், மறுபடி ஒளித்தார்கள். மூன்றாம் முறையும் எழுதியபின் மூன்று பிரதிகளையும் ஒப்பிட்டால் ஓர் எழுத்துகூட மாறவில்லை என்பது கதை. உண்மையோ பொய்யோ, அந்த நூலைப் படித்தவர்களுக்கு அவரது குணம் இப்படித்தான் இருந்திருக்கும் என்று தோன்றும்.

விசுத்திமக்கத்தின் 9-ஆம் அத்தியாயம் மெத்தாவை ஒரு செய்முறையாக்கியது. ‘நான்’ வரிசைக்குள் நுழைவது அங்கேதான். முதலில் நீ, அடுத்து நீ மதிக்கும் ஆசிரியர் போன்றவர், பிறகு மிகப் பிரியமானவர், அப்புறம் வேண்டியவரும் இல்லாத வேண்டாதவரும் இல்லாத ஒருவர், கடைசியில் பகைவர். மூலச் சுத்தங்களில் தன்னைப் பற்றிப் பேச்சே இல்லையே, இது முரண்பாடு ஆகாதா என்று அவரே ஒரு கேள்வியை எழுப்பிக்கொள்கிறார். ‘நான்’ அங்கே சாட்சியாக மட்டும் அழைக்கப்படுகிறது என்பது பதிலின் சாரம். எனக்குச் சுகம் வேண்டும், வலி வேண்டாம், சாகப் பயம். மற்ற உயிருக்கும் அப்படித்தானே? இதை நிரூபிக்கக் கையருகே இருக்கும் ஒரே சாட்சி நான். சாட்சி சொல்லி முடித்ததும் கூண்டிலிருந்து இறங்கிவிட வேண்டும். ஒருவன் தன்னையே நூறு ஆண்டு, ஆயிரம் ஆண்டு வாழ்த்திக்கொண்டிருந்தாலும் தியானத்தின் ஆழ்நிலை கைகூடாது என்றும் கறாராக எழுதிவைத்தார்.

ஆதாரத்துக்கு அவர் கூப்பிட்டது கோசல நாட்டு ராணி மல்லிகையை ஒட்டிய பழைய நிகழ்ச்சியை. உன்னைவிட உனக்குப் பிரியமானவர் யாராவது உண்டா என்று பசேனதி மன்னன் அரண்மனை மாடியில் வைத்து ராணியிடம் கேட்டான். என்ன பதிலை எதிர்பார்த்திருப்பான் என்று சொல்ல வேண்டியதில்லை. என்னைவிடப் பிரியமானவர் எனக்கு யாருமில்லை என்றாள் மல்லிகை. யோசித்துப் பார்த்த மன்னனும், எனக்கும் அப்படித்தான் என்று ஒப்புக்கொண்டான். புத்தரிடம் போய்ச் சொன்னபோது அவர் ராணியைக் கண்டிக்கவில்லை. எல்லோருக்கும் தன்னுயிர் இப்படி இனிக்கும்போது அடுத்தவரை எப்படி வருத்துவது என்று அங்கிருந்து மேலே போனார்.

யாரிடம் தொடங்கக்கூடாது என்பதற்கும் புத்தகோசரிடம் பட்டியல் இருந்தது. பிடிக்காதவர் வேண்டாம், களைத்துப்போவாய். காமம் எட்டிப்பார்க்கும் இடம் வேண்டாம். இதற்கு அவர் சொல்லும் உதாரணம் அந்தத் தடித்த நூலில் எனக்கு மிகப் பிடித்த பகுதி. ஒருவன் மூத்த பிக்குவான தேரர் ஒருவரிடம் யாருக்கு மெத்தா செய்யலாம் என்று கேட்டான். பிரியமானவருக்கு என்றார் தேரர். அவனுக்குப் பிரியம் மனைவியிடம். அறைக்குள் உட்கார்ந்து அவளையே நினைத்துத் தியானம் செய்தவன், இரவு முழுக்கச் சுவரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான்! இறந்தவரிடமும் தொடங்கக்கூடாது. ஓர் இளம் பிக்கு தன் ஆசானை நினைத்து எவ்வளவு முயன்றும் மனம் குவியவில்லை. மூத்தவர் ஒருவர் விசாரிக்கச் சொன்னார். ஆசான் எப்போதோ காலமாகிவிட்டிருந்தார். ஆளை மாற்றியதும் தியானம் கைகூடிற்று.

கடைசித் தேர்வுக் கேள்வி இன்னும் விபரீதமானது. நீ, உன் பிரியமானவர், நடுநிலையானவர், பகைவர் நால்வரும் ஓரிடத்தில் இருக்கிறீர்கள். கொள்ளையர் வந்து, கழுத்து ரத்தத்தைப் பலிகொடுக்க ஒருவனைத் தா என்கிறார்கள். பகைவனைக் காட்டினால் தோல்வி என்பது தெரிந்ததுதான். ‘என்னை எடுத்துக்கொள்ளுங்கள், மற்றவரை விட்டுவிடுங்கள்’ என்றாலும் தோல்வி என்கிறார் புத்தகோசர். கொடுக்க ஒருவர்கூட மனத்தில் தென்படாதவனுக்கே எல்லை உடைந்திருக்கிறது. தியாகத்தைப் புகழ்ந்தே பழகிய நமக்கு இந்த இடம் கொஞ்சம் இடிக்கும். தன்னைக் கழித்துவிட்டுப் போடுகிற கணக்கும் தப்புக் கணக்கு என்று இவ்வளவு வெட்டவெளிச்சமாகச் சொன்னவர்கள் அதிகம் இல்லை.

மெத்தாவின் பலன்களுக்கு எடுத்துக்காட்டாக அவர் நிறுத்துவது ஒரு வியாபாரியை. பாடலிபுத்திரத்து விசாகன். இலங்கை முழுக்கக் கோயில்களும் துறவிகளும் நிறைந்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுச் சொத்தையெல்லாம் குடும்பத்திடம் கொடுத்துவிட்டு, துணி முனையில் ஒரே ஒரு காசை முடிந்துகொண்டு துறைமுகத்துக்கு வந்தான். கப்பல் கிளம்ப ஒரு மாதம் ஆனது. சும்மா இருக்கக் கை வருமா? இங்கே வாங்கி அங்கே விற்று, கப்பல் ஏறுவதற்குள் ஒரு காசை ஆயிரமாக்கிவிட்டான். மகாவிகாரையில் துறவு வாங்கும் நேரத்தில் அந்த ஆயிரமும் மடியிலிருந்து கீழே விழ, கூடியிருந்தவர்களுக்கே அள்ளி இறைத்தான். பிறகு ஒவ்வொரு மடமாக நான்கு நான்கு மாதம் தங்கி மெத்தாவில் திளைத்தவர், தென்னிலங்கையில் சித்தலபப்பதம் என்ற மலை மடத்தை விட்டுக் கிளம்பவிருந்த இரவில் அழுகைச் சத்தம் கேட்டார். மரத்துத் தேவதை ஒன்று படிக்கட்டில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தது. நீங்கள் இருக்கும்வரை நாங்கள் சண்டையில்லாமல் இருக்கிறோம், போனதும் மறுபடி அடித்துக்கொள்வோம் என்றது. அவர் கடைசிவரை அங்கேயே தங்கிவிட்டார். இன்று சிதுல்பவ்வ என்று சொல்லப்படும் அந்த மலை யால தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது.

புத்தகோசர் காலத்தை ஒட்டிக் கிழக்குக் கப்பல்களிலும் சரக்கு ஏறியது. விசுத்திமக்கத்துக்கு முன்னோடியான விமுத்திமக்கம் என்ற தியானக் கையேட்டை, மீக்கோங் ஆற்றுப் பக்கத்து ஃபுனான் நாட்டுத் துறவி சங்கபாலர் 515-இல் சீனத்தில் மொழிபெயர்த்தார். ஆனால் சீனாவில் மைத்ரி கையேட்டைவிட உருவமாகத்தான் செல்வாக்குப் பெற்றது. அடுத்து வரப்போகும் புத்தர் மைத்ரேயர், பெயரிலேயே மைத்ரியைச் சுமப்பவர். காந்தாரத்தில் மீசையும் நகையுமாகச் செதுக்கப்பட்டவர், சீனாவில் லேஷான் மலைமுகத்தில் 71 மீட்டர் உயரத்துக்கு உட்கார்ந்தார். கீழே ஆறுகள் கூடும் சுழலில் படகுகள் கவிழ்ந்துகொண்டிருந்ததால் அவற்றைக் காக்க என்று 713-இல் ஹைதோங் என்ற துறவி தொடங்கிய வேலை, முடிய 90 ஆண்டு ஆனது. இங்கும் பாருங்கள், பாதுகாப்பு வேண்டித்தான் மைத்ரியைக் கூப்பிடுகிறார்கள். பிறகு 10-ஆம் நூற்றாண்டில் ஸெஜியாங் பக்கத்தில் துணிமூட்டையோடு சுற்றித் திரிந்த ஒரு தொந்திச் சாமியார், மைத்ரேயரின் அவதாரம் என்று பெயரெடுத்தார். சென்னைக் கடைகளில் கல்லாப்பெட்டி மேல் வயிறு குலுங்கச் சிரித்துக்கொண்டிருக்கும் ‘சிரிக்கும் புத்தர்’ அவர்தான். வியாபாரம் பெருக வயிற்றைத் தடவுகிறவர்களுக்கு, கைபடுவது அன்பின் அவதாரத்தின் மேல் என்பது தெரிந்திருக்க நியாயமில்லை.

நிலவழியாகத் திபெத்துக்குப் போகவேண்டிய மைத்ரி, சுற்றிக்கொண்டு கடல்வழியாகப் போனது இன்னொரு வேடிக்கை. வங்காளத்தில் 982-இல் பிறந்த அதீசர், அன்பை வளர்க்கும் முறையைக் கற்க 13 மாதம் கப்பலில் தத்தளித்துச் சுமத்ராவுக்குப் போனார் என்கிறது திபெத்திய மரபு. அங்கே தர்மகீர்த்தி என்ற ஆசானிடம் 12 ஆண்டு. தர்மகீர்த்தி நூல் எழுதியது ஸ்ரீவிஜய மன்னன் சூளாமணிவர்மன் ஆட்சியில். அந்தப் பெயரை நமக்குத் தெரியும். நாகப்பட்டினத்துச் சூளாமணி விகாரை அவன் பெயரில் எழுந்ததுதான். முதலாம் ராஜராஜன் அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊரையே எழுதிவைத்தான், லெய்டன் செப்பேடுகள் சாட்சி. அதே ஸ்ரீவிஜயத்தின் மேல் ராஜேந்திரன் கடற்படையை அனுப்பியது 1025-இல். அதீசர் படிப்பை முடித்து இந்தியா திரும்பியதும் ஏறத்தாழ அந்த ஆண்டுகளில்தான். அப்பன் விகாரைக்கு ஊர் கொடுக்க, மகன் படை கொடுக்க, நடுவில் ஒரு மாணவர் அன்பைப் படித்து முடித்திருக்கிறார்.

1042-இல் அதீசர் திபெத்துக்குள் நுழைந்தார். அங்கே வரிசை மறுபடி மாறியது. முதலிடம் அம்மாவுக்கு. கணக்கற்ற பிறவிகளில் எல்லா உயிரும் ஒருமுறையாவது எனக்குத் தாயாக இருந்திருக்கும், ஆகவே எதிரில் வருகிற எருமைக்கும் நான் பால்கடன் பட்டவன் என்று போகிறது அந்த முறை. பிறர் துன்பத்தைக் கரும்புகையாக மூச்சில் உள்ளே இழுத்து, தன் நலத்தை வெளிமூச்சில் கொடுக்கும் தொங்லென் பயிற்சியும் இந்த வழியில் வந்தது. கேட்பவர் மிரண்டுபோவார்கள் என்று தகுதியானவர்களுக்கு மட்டும் ரகசியமாகக் கற்பித்தார்கள். 12-ஆம் நூற்றாண்டில் செக்காவா என்ற ஆசிரியர் அதைச் சுருக்கமான வாசகங்களாக எழுதி, தொழுநோயாளிகளுக்கும் சொல்லிக்கொடுத்தார். சிலருக்கு நோய் குணமானது என்ற பேச்சு பரவி, தொழுநோயாளரின் தர்மம் என்றே பெயர் வந்துவிட்டது.

இலங்கையில் இந்த நூற்றாண்டுகளில் மெத்தா ஓதலாக நிலைத்தது. வீடு குடிபோனால், கர்ப்பிணிக்கு நல்லது நடக்க, பயணத்துக்கு முன் என்று பிக்குகளை அழைத்துக் கரணீய மெத்த சுத்தத்தையும் இன்னும் சில சுத்தங்களையும் ஓதச் செய்வார்கள். பிரித் என்று பெயர். ஓதி முடித்ததும் கையில் வெள்ளை நூல் கட்டி, மந்திரித்த நீர் தருவார்கள். கொழும்பில் சிங்கள நண்பர்களின் மணிக்கட்டில் அழுக்கேறிய அந்த நூலைப் பார்த்திருப்பீர்கள். உட்கார்ந்து மனத்தில் மெத்தா வளர்ப்பது காட்டு மடங்களின் வேலையாகச் சுருங்கிவிட்டது.

அதை மறுபடி பொதுமக்களிடம் கொண்டுவந்தது பர்மா. 1885-இல் பிரிட்டிஷார் கடைசி மன்னனை இறக்கியபின், மடத்தைக் காக்க அரசன் இல்லை, இனி மக்கள்தான் தர்மத்தைத் தாங்கவேண்டும் என்று லெடி சயாதோ போன்ற பிக்குகள் இல்லறத்தாருக்கும் தியானம் கற்பித்தார்கள். அந்தக் கிளையில் வந்தவர் ஊ பா கின், சுதந்திர பர்மாவின் தலைமைக் கணக்காயர். அவரிடம் 1955-இல் ஒரு நோயாளி வந்தார். மாண்டலேயில் பிறந்த மார்வாடி வியாபாரி சத்யநாராயண் கோயங்கா. ஒற்றைத் தலைவலிக்கு மார்ஃபின் போட்டுப் போட்டு, பல நாட்டு வைத்தியர்களையும் பார்த்துச் சலித்தவர். தலைவலிக்காக வருவதென்றால் வராதே என்று முதலில் திருப்பி அனுப்பினார் ஊ பா கின். மனத்தைத் தூய்மை செய்ய வருகிறேன் என்றபிறகே சேர்த்துக்கொண்டார். சில ஆண்டுகளில் ராணுவ அரசு தொழில்களை நாட்டுடைமையாக்க, கோயங்காவுக்கு நேரம் தாராளமாகக் கிடைத்தது. 1969-இல், உடல்நலம் குன்றிய தாயைப் பார்க்க இந்தியா வந்தவர் நடத்திய முகாமோடு விபாசனா அலை தொடங்கியது. அவருடைய பத்து நாள் முகாமில் பத்தாம் நாள், மௌனம் கலையும் வேளையில் மெத்தா வரும்.

இதற்குள் புத்தகோசரும் ஆங்கிலத்துக்கு வந்துவிட்டிருந்தார். பர்மிய அறிஞர் பே மாங் டின் முதலில் மொழிபெயர்த்தார். இன்று பெரும்பாலோர் படிக்கும் மொழிபெயர்ப்புக்குப் பின்னால் விசித்திரமான ஒரு விபத்து இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் இத்தாலியில் பிரிட்டிஷ் உளவுப் பிரிவில் வேலை பார்த்த ஹரோல்ட் மஸ்ஸன் கையில், ஜூலியஸ் எவோலா என்ற தீவிர வலதுசாரி எழுதிய பௌத்த நூல் ஒன்று சிக்கியது. அதை அவர் ஆங்கிலத்தில் பெயர்த்தார். போருக்குப்பின் சலித்துப்போயிருந்த அவரும், அதே பிரிவில் இருந்த நண்பர் ஆஸ்பர்ட் மூரும் 1949-இல் இலங்கைக்குக் கப்பலேறி, தொடந்துவவில் ஜெர்மானியத் துறவி ஞாணதிலோகர் நிறுவிய தீவு மடத்தில் துறவு பூண்டார்கள். மூர், ஞாணமோலி ஆனார். அவர் செய்த விசுத்திமக்க மொழிபெயர்ப்பு கொழும்பில் 1956-இல் வெளிவந்தது. எவோலாவைப் படித்து ஒருவர் மெத்தாவின் பக்கம் வந்துசேர்வார் என்று எவோலாவே நினைத்திருக்கமாட்டார்.

1971 ஜனவரியில் புத்தகயையில் கோயங்கா நடத்திய முகாமில் நியூயார்க்கைச் சேர்ந்த 18 வயதுப் பெண் ஒருவர் உட்கார்ந்திருந்தார். கல்லூரியில் ஆசியத் தத்துவ வகுப்பு ஒன்றில் பௌத்தத்தைக் கேள்விப்பட்டுக் கிளம்பி வந்தவர், ஷாரன் சால்ஸ்பர்க். நான்கைந்து ஆண்டில் இவரும் ஜோசப் கோல்ட்ஸ்டைன், ஜாக் கார்ன்ஃபீல்ட் ஆகியோரும் சேர்ந்து மாசசூசெட்ஸில் பாரி என்ற சிற்றூரில் கத்தோலிக்கத் துறவியர் காலிசெய்த கட்டடத்தை வாங்கித் தியான மையமாக்கினார்கள். அமைதி, விழிப்பு என்ற இரண்டும் ஏற்கெனவே அந்த ஊரின் முத்திரை வாசகத்தில் இருந்தது தற்செயல். 1985-இல் சால்ஸ்பர்க் பர்மா போய் ஊ பண்டித சயாதோவிடம் மாதக்கணக்கில் மெத்தா ஒன்றையே பயின்றார். ஒருநாள் சயாதோ கேட்டார்: நீயும் உன் நண்பரும் பகைவரும் காட்டில் போகிறீர்கள், கொள்ளையர் வந்து ஒருவரைக் கேட்டால் யாரைக் கொடுப்பாய்? 1,500 ஆண்டுப் பழைய கேள்வித்தாள், கிட்டத்தட்ட மாறாமல். யாரையும் காட்ட முடியவில்லை என்றார் சால்ஸ்பர்க். உன்னையே கொடுத்துவிடமாட்டாயா என்று சயாதோ மடக்கிப் பார்த்தார். அதற்கும் அவர் மசியவில்லை.

ஆனால் ஊர் திரும்பிக் கற்பிக்கத் தொடங்கியபோது வரிசையின் முதல் படியிலேயே மாணவர்கள் இடறினார்கள். மற்றவரை வாழ்த்த முடிகிறது, என்னை வாழ்த்தினால் அழுகையோ எரிச்சலோ வருகிறது என்றார்கள். 1990-இல் தர்மசாலாவில் அறிஞர்கள் கூடிய ஒரு சந்திப்பில் சால்ஸ்பர்க் இதைத் தலாய் லாமாவிடமே கேட்டார்: தன்னைத் தானே வெறுப்பவர்களுக்கு என்ன சொல்வீர்கள்? அவருக்குக் கேள்வி விளங்கவில்லை. அது என்ன என்று மொழிபெயர்ப்பாளரிடம் திரும்பத் திரும்பக் கேட்டார். ஏதாவது நரம்புக் கோளாறா என்றும் விசாரித்தார். அறையில் இருந்த மேற்கத்தியர்கள் எங்களுக்குள் இது சாதாரணம் என்றதும் திகைத்துப்போனார். மல்லிகையின் பதிலை உலக இயல்பாக எடுத்துக்கொண்ட ஒரு மரபு, முதன்முறையாக அந்தப் பதிலைச் சொல்ல முடியாதவர்களைச் சந்தித்தது. புத்தகோசர் சாட்சியாக அழைத்த ‘நான்’ இங்கே வந்து நோயாளியாகப் படுத்துவிட்டது. சால்ஸ்பர்க் 1995-இல் எழுதிய நூலும், அதையொட்டி வந்த எண்ணற்ற வகுப்புகளும் அந்த நோயாளிக்குத்தான் அதிக நேரம் ஒதுக்கின. புத்தகோசர் நூறாண்டு செய்தாலும் போதாது என்ற ஒன்றே சிலருக்கு முழுப் பயிற்சியாகிவிட்டது. இதைச் சீரழிவு என்று நான் சொல்லமாட்டேன். பாம்புக்காகத் தொடங்கியது பேய்க்கும் படகுக்கும் பயன்பட்டதென்றால், உள்ளே சீறுவதற்கும் பயன்படட்டுமே.

எனக்கு உறுத்துவது வேறு இடம். 2007 செப்டம்பரில் பர்மாவின் யாங்கோன் தெருக்களில் ஆயிரக்கணக்கான பிக்குகள் ராணுவ ஆட்சிக்கு எதிரே மெத்த சுத்தத்தை ஓதிக்கொண்டு மழையில் நடந்தார்கள். பத்து ஆண்டு கழித்து அதே நாட்டில் ரோஹிங்கியாக்கள் விரட்டப்பட்டபோது அதை ஆதரித்துப் பேசிய பிக்குகளுக்கும் அந்தச் சுத்தம் மனப்பாடம்தான். அதைப் பிள்ளைகள் சிறுவயதிலேயே ஒப்பிக்கும் இலங்கையில்தான் 1958, 1983 தமிழர் விரோதக் கலவரங்கள் நடந்தன, யாழ்ப்பாண நூலகமும் எரிந்தது. கையில் நூல் கட்டிக்கொள்வது எல்லோருக்கும் எளிதாக இருந்தது. கொள்ளையரின் கேள்வி வந்தபோது, கொடுக்க ஆள் இருந்தது.

மெத்தா ஆய்வுக்கூடத்துக்குப் போனதும் அண்மைக் கதை. விஸ்கான்சினில் ரிச்சர்ட் டேவிட்சன் குழு, பல்லாயிரம் மணிநேரம் தியானம் செய்த திபெத்திய மரபுத் துறவிகளின் தலையில் மின்முனைகளை ஒட்டி எல்லா உயிருக்கும் கருணையை வளர்க்கச் சொன்னது. காமா அலைகள் வழக்கத்துக்கு மீறி எழும்பியதை 2004-இல் வெளியிட்டார்கள். 2008-இல் பார்பரா ஃபிரெட்ரிக்சன், டெட்ராய்ட்டில் ஒரு கணினி நிறுவனத்து ஊழியர்கள் 139 பேரில் பாதிப்பேருக்கு ஏழு வாரம் மெத்தா கற்பித்துப் பார்த்தார். அவர்களுடைய நல்லுணர்வுகள் மெல்ல மெல்லக் கூடின. அதன்பிறகு அலுவலகங்களுக்கும் செயலிகளுக்கும் கேட்கவா வேண்டும்? கூகுளில் சிங்கப்பூரில் பிறந்த பொறியாளர் சாடே மெங் டான் 2007-இலேயே வகுப்பு தொடங்கியிருந்தார்.

தன்னை வாழ்த்த வராதவர்களுக்காக ஆசிரியர்கள் இப்போது வரிசையை இன்னொரு முறை கலைத்திருக்கிறார்கள். நினைத்தாலே முகம் மலர்கிற ஒருவரில் தொடங்குங்கள் என்கிறார்கள், அது வீட்டு நாய்க்குட்டியாக இருந்தாலும் சரி. புத்தகோசர் ஒத்துக்கொண்டிருப்பாரா என்பது சந்தேகம். மிகப் பிரியமானவரிடம் தொடங்காதே, அவருக்குச் சிறு துன்பம் வந்தாலும் நீ அழுதுவிடுவாய் என்று அவருடைய விலக்குப் பட்டியல் சொல்கிறது. நாய் வளர்த்தவர்கள் அவர் பக்கம்தான் பேசுவார்கள்.